வெல்டராக 11 வருட அனுபவம், கனடா போக என்ன வழி? ஏஜென்ட் 12 லட்சம் கேட்கிறார்

ஜுபைல்_வெல்டர்

வணக்கம். எனக்கு 34 வயது. ஊர் திருவெறும்பூர் பக்கம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துவிட்டு துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் நாலு வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் 7 வருடமாக சவுதியில் இருக்கிறேன். ஆர்க், ஆர்கான் இரண்டும் செய்வேன். ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் 6ஜி டெஸ்ட் (சாய்வாக நிறுத்திய பைப்பைச் சுற்றிலும் வெல்டிங் செய்து காட்டும் தேர்வு) கொடுத்துத்தான் உள்ளே போயிருக்கிறேன்.

மகளுக்கு ஐந்து வயது. அவள் பிறந்ததிலிருந்து எல்லா லீவையும் கூட்டிப் பார்த்தால் நான் அவளோடு இருந்தது ஏழு மாதம்கூட வராது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும். கனடாவில் வெல்டருக்கு ஆள் தேவை, பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கிடைக்கும் என்கிறார்கள். திருச்சியில் ஒரு ஏஜென்ட் மொத்தம் 12 லட்சம் கேட்கிறார், அதில் நாலு லட்சம் முன்பணம். ஜாப் ஆஃபரை அவரே வாங்கித் தருவாராம்.

கைவேலை நன்றாகத் தெரிந்தால் போதுமா? ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு வேண்டும்? இன்னொரு விஷயம், என் இகாமாவில் (சவுதி தங்கும் அட்டை) தொழில் 'ஆமில்', அதாவது சாதாரணத் தொழிலாளி, என்றுதான் போட்டிருக்கிறது. அதனால் சிக்கல் வருமா?

எட்மண்டன்_6ஜி

தம்பி, முதலில் அந்த நாலு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டம். அபுதாபியில் ஒன்பது வருடம் பைப் வெல்டராக இருந்துவிட்டு 2018-ல் ஆல்பர்ட்டா வந்தேன். கனடாவில் நம்மைப் போன்றவர்களுக்கென்றே 2013-ல் ஒரு திட்டம் வந்தது, ஃபெடரல் ஸ்கில்ட் டிரேட்ஸ். 2015-லிருந்து அது எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் (புள்ளி பார்த்து அழைப்பு அனுப்பும் குடியேற்ற முறை) இருக்கிறது. கடைசி 5 வருடத்தில் 2 வருட முழுநேர வேலை அனுபவம் வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் பேசுவதற்கும் கேட்பதற்கும் 5, எழுத 4, படிக்க 3.5 இருந்தால் போதும். படிப்புச் சான்றிதழ்கூடக் கேட்பதில்லை. ஏஜென்ட்டுகள் இதுவரைக்கும்தான் சொல்வார்கள்.

சொல்லாமல் விடுவது இதை: ஒரு வருடத்துக்காவது செல்லுபடியாகும் ஜாப் ஆஃபர் வேண்டும், அல்லது கனடா மாகாணம் ஒன்று கொடுத்த தொழில் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கான தேர்வை எழுத இங்கே வந்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

அதனால் நம் ஆட்கள் பலர் ஃபெடரல் ஸ்கில்ட் வொர்க்கர் வழியாக முயற்சி செய்கிறார்கள். வெல்டர் வேலை, 72106 என்ற குறியீடு, அதிலும் செல்லும். ஆனால் அங்கே ஐ.இ.எல்.டி.எஸ். நாலு பிரிவிலும் 6 வேண்டும், படிப்பை மதிப்பீடு செய்த சான்றும் வேண்டும். அப்புறம் புள்ளிக் கணக்கு. டிரேட்ஸ் (கைத்தொழில்) பிரிவுக்குத் தனியாக 2023 ஆகஸ்டில் முதல் அழைப்பு வந்தபோது 388 புள்ளி போதுமாக இருந்தது. 2024-ல் 430-ஐத் தாண்டியது. 2025 செப்டம்பரில் 505. 'கனடாவுக்கு ஆள் தேவை' என்பது உண்மைதான். ஆனால் யார் உள்ளே வருகிறார்கள் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு அரை மதிப்பெண்ணும் இங்கே காசு.

இனி உங்கள் முதல் கேள்வி. கைவேலை தெரிந்தால் போதுமா? போதாது தம்பி. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வெல்டர் ஒருவர் அபுதாபியில் என் பக்கத்து பூத்தில் நின்றவர், தஞ்சாவூர்க்காரர். கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டு பைப்புக்குப் பின்பக்கம் ரூட் (இணைப்பின் அடி வெல்டிங்) போடுவார், எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு புள்ளி இருக்காது. அவரிடம் ஒரே ஒரு அனுபவக் கடிதம்கூடக் கிடையாது. 14 வருட வேலைக்குக் கையில் இருந்தது பழைய கேட் பாஸ்கள் மட்டும். இன்றுவரை அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கம்பெனி லெட்டர்ஹெட், உங்கள் பெயர், சேர்ந்த தேதி, முடிந்த தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளமும் படிகளும், என்னென்ன வேலை செய்தீர்கள் என்ற விவரம், கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, தொடர்பு எண். 'இவர் எங்களிடம் வெல்டராகப் பணிபுரிந்தார், நடத்தை நன்று' என்று மூன்று வரியில் கொடுக்கும் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இகாமா விஷயம்: வெறும் 'ஆமில்' என்று இருப்பதால் மட்டும் கதவு அடைபடாது. அதிகாரிகள் செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் இகாமா ஒன்று சொல்ல, கடிதம் வேறொன்று சொன்னால் கேள்வி வரும். கம்பெனி மனது வைத்தால் சவுதி அரசின் கிவா தளத்தில் தொழில் பெயரை மாற்ற முடியும், கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், இகாமாவில் ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் கடிதத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் டெஸ்ட் முடிந்ததும் கொடுக்கும் டபிள்யூ.பி.கியூ. (வெல்டர் தகுதிப் பதிவு) தாள்கள் எல்லாம் இருக்கிறதா? தேதி, பிராசஸ், பொசிஷன், பைப் அளவு எல்லாம் அதில் இருக்கும். 'ஆமில்' யாரும் 6ஜி டெஸ்ட் கொடுப்பதில்லை. அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

ஸ்கார்பரோவாசி

நான் யாழ்ப்பாணம். கொழும்பில் பத்து வருடம் வயரிங் வேலை செய்துவிட்டு, மனைவி ஸ்பொன்சர் செய்து ரொறன்ரோ வந்தவன். வெல்டிங் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் பி.ஆர். கிடைத்துவிட்டால் அடுத்த நாளே தொழிலைச் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இலெக்ட்ரீசியன், பிளம்பர் இரண்டும் கட்டாய லைசென்ஸ் உள்ள தொழில்கள். வெல்டர் அப்படி இல்லை. ஆனால் மேலே எழுதிய அண்ணா இருக்கும் ஆல்பர்ட்டாவில் வெல்டருக்கும் கட்டாயம். ஒரே நாடுதான், மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு. போகப்போகும் மாகாணத்தின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேணும்.

309ஏ என்ற இலெக்ட்ரீசியன் லைசென்ஸுக்கு இங்கே ஒரு பயிலுநர் 9,000 மணி நேரம் முடிக்க வேணும். வெளிநாட்டில் செய்த வேலையை அதற்குச் சமம் என்று நிரூபித்தால் நேரே பரீட்சைக்கு விடுவார்கள். இப்போது இதை ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்டாரியோ என்ற அமைப்பு பார்க்கிறது. நான் கொழும்பிலிருந்த பழைய முதலாளியிடம் கடிதம் வாங்க இரண்டு தரம் ஆள் அனுப்பினேன். அவர் கடையை மூடிவிட்டு மகனோடு கண்டிக்குப் போய்விட்டார். கடைசியில் அவரே கைப்பட எழுதி அனுப்பினார். அந்த மனுசனை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பரீட்சையில் 70 சதவீதம் எடுக்க வேணும். நான் முதல் தரம் விட்டுவிட்டேன். வேலை தெரியாததால் அல்ல. எங்கள் பழைய வயரிங்கில் கறுப்பு வயர் நியூட்ரல். இங்கே கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல். பத்து வருடம் கை பழகிய நிறம் தம்பி. வந்த புதிதில் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் உதவியாளாக நின்றபோது கறுப்பு வயரைச் சும்மா பிடித்துத் தள்ளப் போனேன். மேலாள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அன்று இரவு சாப்பிட முடியவில்லை. அதன் பிறகு இங்கத்தைய மின் விதிகள் உள்ள கோட் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி படித்தேன். இரண்டாம் தரம் பாஸ்.

ஃபிட்டர்_ஓசூர்

ஜெர்மனி பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது ஊரில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். 2024 ஜூனில் வந்த 'சான்சன்கார்ட்டே' என்ற வேலை தேடும் விசா வாங்கிக்கொண்டு ஒரு வருடம் அங்கே தங்கி வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் செய்யலாம். ஆனால் அதற்குக் குறைந்தது 2 வருடத் தொழிற்படிப்பு வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் 2 வருடம், வெல்டர் 1 வருடம்தான். எனவே ஜுபைல் நண்பரின் ஐ.டி.ஐ. சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்ட இரண்டு வெல்டர்களை எனக்குத் தெரியும்.

நான் ஃபிட்டர். என் சான்றிதழ்களை வெளிநாட்டுத் தொழிற்சான்றிதழ்களை மதிப்பிடும், நியூரம்பர்க்கில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசாவுக்கு அனுப்பினேன். அங்கே அந்தத் தொழிலுக்கு மூன்றரை வருடப் பயிற்சி, அதனால் எனக்கு 'பகுதி அங்கீகாரம்' வந்தது. எந்தெந்தப் பாடம் குறைகிறது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அதை வைத்து அங்கே ஒரு கம்பெனியில் சேர்ந்து குறையை முடித்துக்கொள்ளலாம். நுங்கம்பாக்கம் கோதே இன்ஸ்டிடியூட்டில் ஜெர்மன் மொழி பி1 நிலை வரை படித்தேன். ஓசூரில் ஷிஃப்ட் முடித்து வார இறுதியில் சென்னைக்கு பஸ். ஒன்றரை வருடம் ஓடியது. மொழியில்லாமல் ஜெர்மனி பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஜுபைல்_வெல்டர்

எல்லாருக்கும் நன்றி. ஏஜென்ட்டிடம் நேற்று பேசினேன். 'எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆளை எடுக்கக் கனடா முதலாளி வாங்கும் அனுமதி) இருந்தால் கூடுதல் புள்ளி வரும், அதற்குத்தான் இந்தத் தொகை, கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது' என்கிறார். இந்த வாரத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். வீட்டில் நகையை வைத்துப் பணம் புரட்டலாம் என்கிறார்கள். டபிள்யூ.பி.கியூ. தாள்கள் ஐந்து இருக்கின்றன, மற்றவை க்யூ.சி. (தரக்கட்டுப்பாடு) ஆபீசில் கேட்க வேண்டும்.

நாகை_பிளம்பர்

நகையை வைக்காதீர்கள். நான் வைத்தேன்.

எனக்கும் இதே பேச்சுதான், 'இந்த வாரத்துக்குள்'. ஆறரை லட்சம் கொடுத்தேன். அழகான தாளில் ஜாப் ஆஃபர் வந்தது, கம்பெனி பெயர், முத்திரை, சம்பளம் எல்லாம் இருந்தது. என் மச்சான் அந்தக் கம்பெனியின் நம்பரை இணையத்தில் தேடி எடுத்துப் போன் செய்தான். கம்பெனி இருக்கிறது, ஆனால் அவர்கள் அப்படி ஒரு தாளே கொடுக்கவில்லை. அந்த அம்மா போனில் மிகவும் வருத்தப்பட்டுப் பேசினார்களாம், இதே கேள்வியோடு இன்னும் சிலர் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று.

நல்ல வேளை, அதை வைத்து விண்ணப்பிக்கவில்லை. போலித் தாள் கொடுத்தது தெரிந்தால் 5 வருடம் கனடாவுக்குள் நுழையவே தடை. ஏஜென்ட் கொடுத்தார் என்று சொன்னாலும் பொறுப்பு நம்முடையதுதான். போலீசில் புகார் கொடுத்து ஒன்றரை லட்சம் திரும்பியது. மீதி இன்னும் வரவில்லை. என் மனைவியின் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

எட்மண்டன்_6ஜி

நாகை நண்பர் இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. இதைச் சொல்லவே பலர் கூச்சப்படுகிறார்கள், அதனால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

தம்பி, எல்.எம்.ஐ.ஏ.வுக்கு அரசாங்கக் கட்டணம் ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர். அதைக் கட்ட வேண்டியது முதலாளி. தொழிலாளியிடமிருந்து அதை வசூலிப்பது சட்டப்படி குற்றம். அப்புறம், ஜாப் ஆஃபருக்குக் கொடுத்துவந்த கூடுதல் புள்ளியை 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டார்கள். உங்கள் ஏஜென்ட் இல்லாத புள்ளியை விற்கிறார்.

கனடா குடியேற்றத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் அவர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பின் தளத்தில் பொதுவில் இருக்கிறது, உரிம எண்ணைக் கேட்டுத் தேடிப் பாருங்கள். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு மத்திய அரசின் பதிவு வேண்டும், ஈ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது, நம் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

அட்லாண்டிக் பக்கத்து நாலு மாகாணங்களுக்கு, அதாவது நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பி.இ.ஐ., நியூஃபவுண்ட்லாந்து, தனித் திட்டம் இருக்கிறது. அரசு அங்கீகரித்த முதலாளி வேலை கொடுக்க வேண்டும். 5 வருடத்தில் 1,560 மணி நேர அனுபவம், வெல்டருக்கு சி.எல்.பி. (கனடாவின் மொழி அளவுகோல்) 5 ஆங்கிலம். அங்கீகரித்த முதலாளிகளின் பட்டியலை மாகாணங்களே வெளியிடுகின்றன. நேரடியாக அவர்களுக்கு எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடலாம், போடாமலும் போகலாம். ஆனால் அதற்குக் காசு செலவில்லை.

இங்கே வேலை எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு ஆர்கானில் ரூட் போட்டே பழக்கம். இங்கே நான் முதலில் சேர்ந்த ஷாப்பில் 6010 ராடால் ரூட், 7018-ஆல் ஃபில் (நடு அடுக்கு), கேப் (மேல் அடுக்கு). 6010-ஐ நான் அதுவரை தொட்டதே இல்லை. அதன் ஆர்க் முரட்டுத்தனமாக உள்ளே பாயும். கீ-ஹோலை (ரூட்டில் உருகித் திறக்கும் சின்னத் துளை) திறந்து வைத்துக்கொண்டு ராடை முன்னும் பின்னும் விசிறி மாதிரி ஆட்ட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் ஓட்டை விழும், அவசரப்பட்டால் ரூட் ஒட்டாது. மூன்று வாரம் ஸ்கிராப் பைப்பில் சாயங்காலம் தனியாக நின்று போட்டுப் பார்த்தேன். வளைத்துப் பார்க்கும் டெஸ்ட்டில் என் முதல் கூப்பன் (சோதனைத் துண்டு) ரூட் பக்கம் வாய் பிளந்தது. ஃபோர்மேன் அதைக் கையில் கொடுத்து, 'வீட்டுக்குக் கொண்டு போ' என்றார். இன்னும் என் ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். அங்கே 6010 ராடு கிடைத்தால் இப்போதே பழகுங்கள்.

அளவும் வேறு. மில்லிமீட்டர் மறந்துவிடும், அடி, அங்குலம், பதினாறில் ஒரு பங்கு என்றுதான் பேசுவார்கள். வரைபடத்தில் நம் ஊரில் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள், இங்கே தேர்ட் ஆங்கிள். மேலே இருந்து பார்க்கும் படம் கீழே வராது, மேலேயே வரும். இது பார்க்கச் சின்ன விஷயம், தேர்வில் இதில்தான் மார்க் போகும். மாகாணங்களுக்குப் பொதுவான ரெட் சீல் தேர்வுக்கு 70 சதவீதம். அது பாஸானால் மாகாணம் மாறினாலும் சான்றிதழை ஏற்பார்கள், எக்ஸ்பிரஸ் என்ட்ரியிலும் மாகாணச் சான்றிதழுக்கு ஆங்கிலத்தைப் பொறுத்து 25 அல்லது 50 புள்ளி உண்டு.

குளிர் மைனஸ் 30 வரை போகும். பைப்பைச் சூடேற்றாமல் ஆர்க் அடிக்கக் கூடாது. கேம்ப் வேலையில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. எண்ணெய் விலை விழுந்தால் லே-ஆஃப். இதையெல்லாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் கதவைத் திறக்கிறார்கள். அபுதாபியில் ஒன்பது வருடம் எனக்கு அது கிடைக்கவில்லை.

மெல்பர்ன்_மின்பணி

ஆஸ்திரேலியா பற்றிச் சுருக்கமாக. தொழில் மதிப்பீட்டை டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா பார்க்கிறது. ஆவணம், தொழில்நுட்ப நேர்காணல், என் தொழிலுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. எலக்ட்ரீஷியனாக வந்ததும் முழு லைசென்ஸ் கிடையாது. முதலில் தற்காலிக உரிமம், லைசென்ஸ் உள்ளவர் மேற்பார்வையில் வேலை, கூடவே உள்ளூர் விதிகளுக்கான படிப்பு. வெல்டருக்கு இந்த லைசென்ஸ் தொல்லை இல்லை. 45 வயதுக்கு முன் அழைப்பு வர வேண்டும். நான் எழுதியபோது ஐ.இ.எல்.டி.எஸ். ஒவ்வொன்றிலும் 6 கேட்டார்கள். 34 வயது நல்ல வயது, தள்ளிப்போடாதீர்கள்.

அறந்தாங்கி_மகள்

என் கணவர் ஹெவி டூட்டி மெக்கானிக், சஸ்காட்சுவானில் இருக்கிறோம். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மனைவி என்ன படித்திருக்கிறார்? விண்ணப்பத்தில் மனைவியின் படிப்புக்கும் ஆங்கிலத்துக்கும் புள்ளி உண்டு. அவருக்குத் தகுதியான வேலை அனுபவம் இருந்தால், யார் பெயரில் விண்ணப்பித்தால் புள்ளி கூடுகிறது என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். நான் பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவேன் என்று யாரும் நினைக்கவில்லை, நானும்தான். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஒரு வருடம் படித்தேன்.

தாள் வேலை முழுவதும் நான்தான் பார்த்தேன். கூடத்தில் பாய் விரித்து, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரிசையாகக் கடிதம், சம்பள சிலிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக் என்று அடுக்கினேன். எந்த வரிசையில் எது இல்லை என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய ஊர்க் கம்பெனி ஒன்று கடிதம் தர மறுத்தது. பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் கட்டியிருந்த தொகைதான் அங்கே கை கொடுத்தது.

இன்னொன்று, கடைசி 10 வருடத்தில் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் இருந்த நாடுகளின் போலீஸ் கிளியரன்ஸ் கனடா கேட்கும். சவுதியை விட்டு வந்த பிறகு அதை வாங்க நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்கள் அங்கே இருக்கும்போதே எப்படி வாங்குவது என்று விசாரித்து வையுங்கள்.

ஜுபைல்_வெல்டர்

ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உரிம எண் கேட்டேன், போனை வைத்துவிட்டார்.

மனைவி பி.எஸ்சி. கணிதம். அறந்தாங்கி அக்கா எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'திருச்சியில் கிளாஸ் எங்கே நடக்கிறது என்று நாளைக்கே விசாரிக்கிறேன்' என்றாள்.

க்யூ.சி. ஆபீசில் இருக்கும் கேரளாக்காரர் பழைய ஃபைலைத் தேடி இன்னும் மூன்று டபிள்யூ.பி.கியூ. எடுத்துக் கொடுத்தார். இப்போது எட்டு. எச்.ஆரில் கடிதம் கேட்டேன், 'வேலையை விட்டுப் போகும்போதுதான் தருவோம்' என்கிறார்கள். துவாக்குடி பட்டறை முதலாளி போனை எடுத்தார். என்னை ஞாபகம் இருக்கிறது என்றார். அடுத்த லீவுக்கு வரும்போது வா, டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார்.

எட்மண்டன்_6ஜி

எச்.ஆரில் 'எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்' என்று கேட்காதீர்கள், வேலையை விடப்போகிறீர்கள் என்று நினைப்பார்கள். 'எம்ப்ளாய்மென்ட் சர்டிஃபிகேட்' என்று கேளுங்கள், தற்போது பணியில் இருப்பவருக்குக் கொடுப்பது அது. என்னென்ன வேலை என்ற பகுதியை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். செய்த வேலையை மட்டும், உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். இணையத்தில் இருப்பதை அப்படியே காப்பி அடித்தால் சந்தேகம் வரும். எந்த லைன், என்ன மெட்டல், பைப் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள்.

துவாக்குடிக்காரரிடம் லீவு வரை காத்திருக்க வேண்டாம். வயதானவர் என்றால் இந்த மாதமே தம்பியையோ மச்சானையோ அனுப்பி வாங்கிவிடுங்கள். லெட்டர்ஹெட்டில் பழைய போன் நம்பர் இருந்தால், இப்போது எடுக்கிற நம்பரையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.